ஓஎஸ்பி, ஷீத்திங்: கூரையிலும் சுவரிலும் அடிக்கும் பலகைக்குத் தமிழில் என்ன பெயர்?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுத்தாக வேண்டும். மரச்சட்டத்தால் கட்டும் வீடுகளின் கூரையிலும் சுவரிலும் ஓஎஸ்பி பலகை அடிப்பவர்களுக்கான கையேடு. இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று பலகையின் பெயர். விரித்தால் 'ஓரியன்டட் ஸ்ட்ராண்ட் போர்டு'. மற்றது 'ஷீத்திங்', அதாவது சட்டத்தின் மேல் முதலில் அடிக்கும் பலகை அடுக்கு. அதற்கு மேல்தான் நீர்த்தடுப்புத் தாள், அதற்கும் மேல் ஓடோ தகடோ வரும்.

பொருளைத் தெரியாதவர்களுக்காக: மரத்தை மெல்லிய நீளத் துண்டுகளாகச் சீவி, பிசினும் மெழுகும் கலந்து, அடுக்கடுக்காகப் பரப்பி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். மேலும் கீழும் உள்ள அடுக்குகளில் துண்டுகள் பலகையின் நீளவாக்கில் படுத்திருக்கும், நடு அடுக்கில் குறுக்குவாக்கில். அதனால் நீளவாக்கில் வலு அதிகம். கையேட்டில் திரும்பத் திரும்ப வருவதும் இதுதான்: பலகையின் நீளம் கைமரங்களுக்கு, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களுக்கு, குறுக்காகக் கிடக்க வேண்டும், ஒரு பலகை குறைந்தது மூன்று கைமரங்கள் மேலாவது படிய வேண்டும்.

'திசையமைவு இழைப்பலகை' என்றும் 'மேலுறை' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் மனம் நிற்கவில்லை. உதவுங்கள்.

அனுப்பியவர்: தமிழாசிரியர்

தம்பி,

'இழை' கூடவே கூடாது. மரத்தைப் பஞ்சுபோல் நார்நாராக்கி அழுத்துகிற பலகைக்கு 'இழைப்பலகை' என்று ஏற்கெனவே பெயர் கொடுத்தாயிற்று. மென்தகடுகளை ஒட்டினால் ஒட்டுப்பலகை, தூளை ஒட்டினால் துகள் பலகை. இந்தக் குடும்பத்தில் புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு அண்ணன் பெயரையே வைக்க முடியாது.

என் பரிந்துரை 'நிரைசிராய்ப் பலகை'. மரத்திலிருந்து பிளந்து வருவது சிராய். சிரைத்தல் என்ற வினையோடு இதற்கு உறவு உண்டு என்பது என் கருத்து. சிரை, சிராய், சிராய்ப்பு எல்லாவற்றிலும் மேற்பரப்பை மெல்லிதாக எடுக்கிற செயல் இருக்கிறது. 'சிதர்', 'சிதறு' ஆகியவற்றையும் இந்த வேரோடு சேர்க்கலாமா என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். அதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

'நிரை' என்றால் வரிசைப்படுத்து. நிரைத்த சிராய், நிரைக்கும் சிராய், நிரைக்கின்ற சிராய். காலம் கரந்த பெயரெச்சம், ஆகவே வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'நிரைச்சிராய்' என்று எழுதிவிட வேண்டாம்.

அனுப்பியவர்: தச்சர்

ஐயா, வணக்கம். இருபது வருடமாக மரவேலை செய்கிறேன். இலக்கணம் உங்கள் அளவுக்குத் தெரியாது, பலகை தெரியும்.

சிராய் என்றாலும் சிலாம்பு என்றாலும் எங்களுக்குக் கையில் குத்துகிற சமாசாரம். 'இதில் சிராய் இருக்கிறது' என்று ஒரு பலகையைப் பற்றிச் சொன்னால் அது குறை. இழைத்து எடு என்று அர்த்தம். 'சீவல்' என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். சீவல் என்றால் இழைப்புளியிலிருந்து சுருண்டு விழுவது.

இப்போது ஒரு வெட்டுத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மேல் அடுக்கில் கத்தி நுனியைக் கொடுத்து ஒரு துண்டைப் பெயர்த்தேன். என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு விரல் அகலம், தடிமன் அட்டை அளவு. சுருளவில்லை, தட்டையாக இருக்கிறது. ரேகை நீளவாக்கில் ஓடுகிறது. இதைப் பார்த்தால் எனக்கு வருகிற சொல் 'கீற்று'. மாங்காய்க் கீற்று, வெளிச்சக் கீற்று, நெற்றியில் சந்தனக் கீற்று, எல்லாம் நீளமாக, மெல்லிதாக இருப்பவை. கீற்றுப்பலகை என்று வைத்தால் என்ன?

அனுப்பியவர்: சொற்பிறப்பு ஆர்வலர்

கீற்று நல்ல சொல். கீறு என்ற வினையிலிருந்து வருவது. நீளவாக்கில் பிளப்பது என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒரு தடை உண்டு. 'கூரைக்குக் கீற்றுப்பலகை' என்று எழுதினால் படிப்பவருக்குத் தென்னங்கீற்றுதான் நினைவுக்கு வரும். ஓலையும் பலகையும் கலந்த ஏதோ ஒன்று என்று எண்ணுவார்.

ஷீத்திங்குக்கு என் பரிந்துரை 'வேய்பலகை'. கூரை வேய்தல் நமக்குப் பழகிய வினை. மாலை வேய்தல், முடி வேய்தல் என்றும் உண்டு. கல்வெட்டுகளில் 'பொன் வேய்ந்த' என்று வரும். ஆகவே சுவருக்கும் இது பொருந்தும். பரப்பின் மேல் பொருத்தி மூடுவதெல்லாம் வேய்தல்தான். வேய் என்றால் மூங்கில் என்பதும் உங்களுக்குத் தெரியும். மூங்கிலால் மூடியதால் வேய்தல் வந்ததா, மூடப் பயன்பட்டதால் மூங்கில் வேய் ஆனதா என்பது ருசியான கேள்வி. 'மேய்தல்' என்றும் கூரைக்குச் சொல்கிறார்கள். வகரம் மகரமாவதற்கு வேறு எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன.

அனுப்பியவர்: கட்டுமானப் பொறியாளர்

நண்பர்களே, மூங்கிலிலிருந்து கொஞ்சம் இறங்கி வாருங்கள். வேய்தல், உறை, போர்வை மூன்றிலும் எனக்கு ஒரே மனக்குறை. இந்தச் சொற்களைக் கேட்டால் மூடி மறைப்பதுதான் இதன் வேலை என்று தோன்றும். அதன் பெரிய வேலை மூடுவது அல்ல.

நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செவ்வகமாக நிறுத்துங்கள். ஒரு மூலையில் பக்கவாட்டில் தள்ளினால் அப்படியே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். அதே செவ்வகத்தின் மேல் ஒரு பலகையை வைத்து விளிம்பு முழுக்க ஆணி அடித்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள், அசையாது. காற்று சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்போது வீட்டை நிறுத்துவது இந்தப் பலகையும் அந்த ஆணிகளும்தான். அதனால்தான் விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுச் சட்டங்களில் 12 அங்குலத்துக்கு ஒன்று என்று ஆணிக்குக் கணக்கு வைக்கிறார்கள். காற்று கடுமையான இடங்களில் இன்னும் நெருக்கமாக அடிக்கச் சொல்வார்கள். ஆணித் தலை பலகையின் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே புதைந்தால் மேல் அடுக்கு அறுந்துபோகும், பிடிப்பும் போய்விடும்.

'மேலுறை' என்று படித்த ஒருவர், அது உறைதானே என்று நாலு ஆணியோடு விட்டுவிட்டால்? கட்டிப் பிடிக்கிறது என்ற பொருள் சொல்லில் இருந்தாக வேண்டும்.

அனுப்பியவர்: தச்சர்

அம்மா சொன்னது சரி. அப்படியென்றால் புதுச்சொல்லே தேவையில்லை, பழைய சொல் இருக்கிறது: வரிச்சு. கைமரத்துக்குக் குறுக்காக வைத்து அடிப்பது வரிச்சு, அதன் மேல் ஓடு. மண்சுவர் எழுப்பும்போது கால்களுக்குக் குறுக்காகக் கட்டுவதும் வரிச்சுதான். கூரை, சுவர் இரண்டுக்கும் ஒரே சொல். முன்பு இடைவெளி விட்டுச் சட்டமாக வைத்ததை இப்போது முழுப் பலகையாக வைக்கிறோம். 'வரிச்சுப்பலகை' என்றால் எந்தத் தச்சரும் எங்கே அடிக்க வேண்டும் என்று கேட்க மாட்டார்.

அனுப்பியவர்: தமிழாசிரியர்

வரிச்சு என்பது வரி, கோடு என்பதிலிருந்து வந்தது. கோடுபோல் ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். 4 அடிக்கு 8 அடிப் பலகையை வரிச்சு என்பது கடலை வாய்க்கால் என்பதுபோல் ஆகும்.

அனுப்பியவர்: சொற்பிறப்பு ஆர்வலர்

ஐயா, மன்னிக்க வேண்டும், இங்கே மாறுபடுகிறேன். வரிதல் என்று இன்னொரு வினை இருக்கிறது: கட்டுதல், இறுக்குதல். வரிந்து கட்டிக்கொண்டு வந்தான் என்கிறோமே, அந்த வரிதல். கைமரங்களை ஒன்றோடொன்று வரிந்து பிடிப்பதால் வரிச்சு. பொறியாளர் அம்மா கேட்ட பொருள் அப்படியே உள்ளே இருக்கிறது. என் வேய்பலகையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அனுப்பியவர்: மென்பொருள் பணியாளர்

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. பலகையின் மேல் அச்சடித்திருப்பது ஓஎஸ்பி. வாங்கும்போது கேட்பது ஓஎஸ்பி. கையேட்டில் மட்டும் கீற்றும் சிராயும் ஏன்? ஓஎஸ்பி என்றே விட்டுவிடலாமே? பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது.

அனுப்பியவர்: தமிழாசிரியர்

புதியன புகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தமிழாகிப் புக வேண்டும். 'ஓஎஸ்பி'யில் ஓகாரத்தை அடுத்து எகரம், நடுவே உடம்படுமெய் இல்லை; ஒலித்துப் பாருங்கள், நாக்கு தானாக நடுவே ஒரு மெய்யைப் போட்டுக்கொள்ளும். அது இருக்கட்டும். மூன்று எழுத்தும் அந்த வேலையாளுக்கு என்ன சொல்லித்தருகின்றன? ஒட்டுப்பலகை என்றால் ஒட்டியது என்றாவது தெரிகிறது. பெயரே பாடமாக அமைகிற வாய்ப்பை ஏன் விட வேண்டும்? திசை இந்தப் பலகையின் உயிர். அதனால்தான் 'நிரை' வேண்டும் என்று மன்றாடுகிறேன். சிராய் வேண்டாமென்றால் போகட்டும், 'நிரைகீற்றுப் பலகை' என்று வையுங்கள்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

ஐயா சொன்ன 'திசை உயிர்' மனதில் நின்றது. நேற்று மாலை தச்சர் அண்ணன் எனக்கு ஒன்றைச் செய்து காட்டினார். ஒரே பலகையிலிருந்து இரண்டு பட்டைகள், ஒரே நீளம், ஒரே அகலம். ஒன்று நீளவாக்கில் அறுத்தது, மற்றது குறுக்குவாக்கில். இரண்டையும் இரு செங்கற்களுக்கு இடையே பாலம்போல் வைத்து, நடுவில் ஒரே அளவு சுமையை ஏற்றினார். நீளவாக்குப் பட்டை லேசாக வளைந்து நின்றது. குறுக்குப் பட்டை கண்ணெதிரே தொய்ந்தது; சுமையை எடுக்கும் முன்பே ஒரு சின்ன முறிவுச் சத்தம். கூரையில் பலகையைத் திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சத்தத்தில் புரிந்துகொண்டேன்.

ஆனால் 'நிரை' எனக்கு வேறு விதத்தில் இடிக்கிறது. கையேட்டில் கூரை தாங்கும் சுமைக்கு 'நிறை' வருகிறது. ரகர றகரம் ஒரே இடத்தில் மாறினால் போதும், நிரைகீற்று நிறைகீற்றாகிவிடும். கனமான கீற்று என்று படிப்பார்கள். அதனால் திசையைப் பலகையின் பெயரில் வைக்காமல் தனிச்சொல்லாக வைக்கலாமா? 'வலுத்திசை' என்று எழுதிப் பார்த்தேன். 'வலுத்திசை கைமரங்களுக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.'

அனுப்பியவர்: கட்டுமானப் பொறியாளர்

வலுத்திசை! ஒரே மூச்சில் புரிகிறது, எனக்கு முழுச் சம்மதம்.

பலகையில் 24/16 என்று ஒரு முத்திரை இருக்கும், அதையும் விளக்கிவிடு தம்பி. முதல் எண் கூரைக் கைமரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அதிகபட்சம் எத்தனை அங்குலம் என்பது, இரண்டாவது தரைச் சட்டங்களுக்கு. இரண்டும் வலுத்திசை குறுக்காக இருந்தால்தான் செல்லும். இதைப் பின்னம் என்று நினைத்து வகுத்துப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். 'தாங்கு இடைவெளி' என்று எழுதினால் போதும்.

அனுப்பியவர்: தச்சர்

வலுத்திசை எனக்கும் சரி.

ஒரு வார்த்தை, பெயரைப் பற்றி அல்ல. பலகைக்கும் பலகைக்கும் நடுவே 1/8 அங்குலம் இடைவெளி விடச் சொல்கிற பத்தியைத் தடித்த எழுத்தில் போடுங்கள் தம்பி. ஆரம்ப காலத்தில் ஒரு கூரைக்கு நான் பலகைகளை இடைவெளியே விடாமல் நெருக்கி அடித்தேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. தாள் போடுவதற்குள் மழை வந்துவிட்டது. பலகை ஈரம் குடித்து நீண்டது, நீள இடமில்லாமல் மூட்டு மூட்டாக மேலே புடைத்தது. காய்ந்த பிறகும் விளிம்புத் தடிப்பு இறங்கவில்லை. மேலே போட்ட தகட்டின் வழியாகக்கூட அந்த வரிகள் தெரிந்தன. இப்போது ஒரு ஆணியை நடுவில் நிறுத்தி அளவு பார்த்துத்தான் அடுத்த பலகையைத் தள்ளுகிறேன். இந்த இடைவெளிக்கு நாங்கள் சொல்வது 'மூச்சு'. மூச்சு விட்டு அடி என்பார்கள். அதையே எழுதினாலும் புரியும்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

நாளை காலை அனுப்ப வேண்டும். இதுவரை வந்ததைப் பார்த்தால் கீற்றுப்பலகை என்பவர்கள் நால்வர், ஓஎஸ்பி போதும் என்பவர் ஒருவர், நிரைகீற்று என்பவர் ஒருவர். முதல் பக்கத்தில் 'ஓஎஸ்பி எனப்படும் கீற்றுப்பலகை' என்று ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு கீற்றுப்பலகை என்றே போகிறேன். பொருளுக்கு அந்தப் பெயர், அது சட்டத்தின் மேல் ஏறியதும் வரிச்சுப்பலகை. ஒட்டுப்பலகையை அடித்தாலும் அது வரிச்சுப்பலகைதான். வலுத்திசை, தாங்கு இடைவெளி, மூச்சு இடைவெளி அப்படியே போகின்றன. தென்னங்கீற்று மயக்கத்துக்காக முதல் பக்கத்தில் ஒரு படம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அனைவருக்கும் நன்றி.

அனுப்பியவர்: தமிழாசிரியர்

தம்பி,

அவசரம் புரிகிறது, அனுப்பிவிடு. வரிச்சுப்பலகையில் எனக்கு இப்போது தடை இல்லை. வரிந்து கட்டுதலை நான் நினைக்காமல் போனேன்.

கீற்றுப்பலகையில் மட்டும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இந்தப் பலகைக்கு முன்பே வேஃபர்போர்டு என்று ஒன்று இருந்தது. அதிலும் மரத்தைச் சீவித்தான் ஒட்டினார்கள், ஆனால் துண்டுகளைக் கண்டபடி இறைத்தார்கள். ஒரே திசையில் படுக்க வைத்தால் வலு கூடும் என்பதுதான் ஆர்மின் எல்மன்டார்ஃப் 1965-ல் காப்புரிமை பெற்ற பலகையின் புதுமை. நம் பெயரில் விட்டுப்போனது சரியாக அந்தப் புதுமைதான். கீற்றுப்பலகை என்ற பெயர் இரண்டு பலகைக்கும் பொருந்தும்.

நாளை யாராவது வேஃபர்போர்டுக்குத் தமிழ் கேட்டு வந்தால் என்ன கொடுப்பீர்கள்?