ஹேமக் ராத்திரியில் கீழே இறங்குது, காலையில் முடிச்சு அவிழ மாட்டேங்குது: எந்த முடிச்சு போடணும்?

மலைச்சாரல்:
வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்கியபோது ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் ஹேமக் (தொங்கு படுக்கை) கட்டினேன். மெல்லிசான பாராசூட் துணி. ரெண்டு முனையிலும் துணியைச் சுருக்கிக் கயிற்று வளையம் போட்டிருக்கு. கூட வந்த கயிறு எட்டலைன்னு ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ. மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வாங்கிக் கட்டினேன். நல்லா விறைப்பா, கிட்டத்தட்ட நேர்கோடா இழுத்துத்தான் கட்டினேன். இருந்தும் நடுராத்திரியில் இடுப்பு தரையில் தட்டுது.

காலையில் பார்த்தா மரத்தில் கட்டின கயிறு ஒரு ஜாண் கீழே வழுக்கியிருக்கு, பட்டையில் தடம் விழுந்திருக்கு. ஹேமக் பக்கத்து முடிச்சு இறுகிப்போய், கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். என் எடை 80 கிலோ. வீடியோவில் ஆளுக்கு ஒரு முடிச்சு சொல்றாங்க. எதைப் போட்டா வழுக்காம இருக்கும், காலையில் சுலபமா அவிழும்?

நாடாமுனை:
மரத்தில் என்ன முடிச்சு போட்டீங்க? ரெண்டு மரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? ராத்திரி மழையோ பனியோ இருந்துதா?

மலைச்சாரல்:
மரத்தில் கிளோவ் ஹிட்ச், அதாவது கயிறை ரெண்டு சுற்று சுத்தி, ரெண்டாவது சுற்றுக்கு அடியிலேயே நுனியைச் செருகுறது. ஹேமக் வளையத்தில் சாதாரண முடிச்சு, பயத்தில் அதுக்கு மேல இன்னும் ரெண்டு. இடைவெளி 4 மீட்டர் இருக்கும். பனி நல்லா இறங்கியிருந்தது.

நாடாமுனை:
சரி, முடிச்சுக்கு முன்னாடி கோணத்தைப் பேசிடலாம். உங்க பிரச்சினையில் பாதி அங்கதான் இருக்கு.

நேர்கோடா இழுத்துக் கட்டினா கெட்டியா இருக்கும்னு தோணும். நடக்கிறது நேர்மாறு. படுத்த பிறகு கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ஞ்சு நின்னா, 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் சுமார் 80 கிலோ இழுவை. 10 டிகிரின்னா 230 கிலோ. 5 டிகிரின்னா 460 கிலோ. அந்த இழுவையில் எந்த முடிச்சும் இறுகித்தான் போகும், மரப்பட்டையும் நசுங்கும்.

இன்னொண்ணு. 4 மீட்டர் இடைவெளியில், 5 டிகிரி கோணத்தில் இருக்கிற கயிறு பக்கத்துக்கு 5 செ.மீ. நீண்டாலே நடுப்பகுதி ஒரு அடி கீழே வந்துடும். 30 டிகிரியில் அதே 5 செ.மீ.க்கு இறக்கம் சுமார் 10 செ.மீ.தான். விறைப்பா கட்டியும் தரையில் தட்டினது இதனாலதான். முடிச்சு இறுகும்போது கொஞ்சம், கயிறு நீண்டு கொஞ்சம், ஹேமக்கின் நைலான் துணி பனியில் நனைஞ்சு கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். கிளோவ் ஹிட்ச் வழுக்கினது வேற.

30 டிகிரி பார்க்கக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமா நீட்டி, கட்டைவிரலை நேரா மேலே நிமிர்த்துங்க. ரெண்டு விரல் நுனியையும் தொட்டுப் போற கோடு கயிறோட சாய்வுக்குப் பொருந்தினா போதும். மரத்தில் ஏறக்குறைய கண் உயரத்தில் கட்டுங்க. உட்கார்ந்தா நாற்காலி உயரம், 45 செ.மீ. இருக்கணும். அதுக்கு மேல உயரம் வேண்டாம், விழுந்தா அடிபடும்.

சேலம்_தென்றல்:
வீட்டில் விட்டத்தில் சேலையைப் போட்டு ஒரே முடிச்சில் தூளி கட்டுறோமே, அது வழுக்கிறதே இல்லையே? இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

நாடாமுனை:
நல்ல கேள்வி. தூளியில் பாரம் நேர் கீழே இறங்குது, குழந்தையோட எடைதான் மொத்த இழுவை. சேலைத்துணிக்கு நல்ல பிடிப்பும் உண்டு. இங்க இழுவை பக்கவாட்டில் போகுது, வழவழப்பான கயிறு, ஆள் புரளும்போதெல்லாம் திசை மாறுது. கிளோவ் ஹிட்ச்சுக்கு ஆகாதது அதுதான். ஆடுற பாரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமா உருண்டு நகரும்.

பாம்பன்_வலை:
அந்த மஞ்சக் கயித்த விட்டுருங்க. நாங்க கடல்ல அதைப் பயன்படுத்துறது மிதக்கும்ங்கிறதுக்காக. ஆனா வழவழன்னு இருக்கும், முடிச்சு நிக்காது. வால் நீளமா விடலைன்னா தானா கழண்டுரும். வெயில்ல கிடந்து நாளானா மேல் நார் வெளுத்து சொரசொரன்னு ஆகும், கையால உருவினா பொடியா உதிரும். அப்படி உதிர்ற கயித்துல ஆள் படுக்கக் கூடாது.

நாடாமுனை:
அண்ணன் சொன்னதே சரி. மரத்துக்குக் கயிறே வேண்டாம், 25 மி.மீ. அகலப் பாலியஸ்டர் நாடா வாங்குங்க. லாரி லோடு கட்டும் பெல்ட்டுத் துணி இதே வகைதான். பாலியஸ்டரான்னு கேட்டு வாங்குங்க. நைலான் நாடா பாரத்தில் நல்லா நீளும், ஈரம் பட்டா இன்னும் இளகும். பக்கத்துக்கு 3 மீட்டர் போதும். நாடா அகலமா இருக்கிறதால பட்டையில் அழுத்தம் பரவும். பட்டைக்கு அடியில் இருக்கிற மெல்லிய உயிர்ப்படலம் நசுங்கினா அந்த இடத்தில் மரம் காயப்படும். உங்க தோட்டக்காரருக்கு அது தெரியும்.

முடிச்சுக்கு வருவோம். ரெண்டே போதும்.

மரத்துப் பக்கம்: நாடாவின் ஒரு முனையை மடிச்சு, இரட்டையாவே ஒரு சாதா முடிச்சு போட்டு உள்ளங்கை அளவு வளையம் ஆக்குங்க. 8, 10 செ.மீ. வால் விடுங்க. இது இறுகிடும், இறுகட்டும், இதை அவிழ்க்கவே போறதில்லை. மரத்தைச் சுற்றி நாடாவைக் கொண்டு வந்து, மறுமுனையை இந்த வளையத்துக்குள் நுழைச்சு இழுங்க. அவ்வளவுதான். பாரம் ஏற ஏற மரத்தை இறுக்கிப் பிடிக்கும், வழுக்காது. காலையில் பாரம் போனதும் தளர்ந்துடும்.

ஹேமக் பக்கம்: பெக்கெட் ஹிட்ச். ஹேமக்கின் வளையத்தை இடது கையில் பிடிங்க. நாடாவைக் கீழிருந்து வளையத்துக்குள் மேலே கொண்டு வாங்க. அப்படியே வளையத்தின் ரெண்டு கால்களுக்கும் (ரெண்டு பக்கக் கயிறுக்கும்) பின்னால் சுத்தி மறுபக்கம் வாங்க. இப்போ நாடாவின் வால் முன்னால் இருக்கும். அதை, முதலில் மேலே வந்த நாடாவுக்கு அடியில் செருகணும். வளையத்துக்குள் திரும்ப விடக் கூடாது, வளையத்துக்கும் நாடாவுக்கும் நடுவில்தான் போகணும். செருகும்போது வாலை ஒற்றையா விடாம மடிச்சு ஒரு காது மாதிரி செருகுங்க. அவிழ்க்கும்போது வாலை ஒரு இழு, கையோட வந்துடும். நாடா முறுக்கிக்காம தட்டையா உட்கார்ந்திருக்கான்னு விரலால் தடவிப் பாருங்க. முறுக்கின இடத்தில்தான் பிடிப்பு குறையும். மடிச்சு செருகின காதும் வாலும் ஒரு சாண் நீளமாவது வெளியே இருக்கட்டும்.

உயரம் மாத்தணும்னாலும் இதையே அவிழ்த்து, இழுத்து, திரும்பப் போடலாம்.

சாரணர்_ஆசிரியர்:
தம்பி, நாடா கிடைக்கும் வரை கயிறுதான் என்றால், 10 மி.மீ. பாலியஸ்டர் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் சாக்கை நாலாக மடித்து வைத்து, அதன் மேல் கயிற்றை முழுதாக இரண்டு சுற்று சுற்றி, பாரம் தாங்கும் கயிற்றின் மேல் இரண்டு அரைமுடிச்சு போடுங்கள் (நுனியை அந்தக் கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, உண்டான வளையத்துக்குள் விட்டு இழுப்பது ஓர் அரைமுடிச்சு). இழுவையைச் சுற்றுகளே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால் அரைமுடிச்சுகள் இறுகிச் சாகாது.

ஹேமக் பக்கம் நிலையான வளையம் வேண்டுமென்றால் போலைன். கயிற்றில் சின்ன வளையம் போடுங்கள், நுனிப்பக்கம் மேலே இருக்கும்படி. நுனி கீழிருந்து அந்த வளையத்துக்குள் மேலே வந்து, பாரக் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே வளையத்துக்குள் கீழே இறங்க வேண்டும். எவ்வளவு பாரம் ஏறினாலும் காலையில் அவிழும். ஆனால் பாரம் இல்லாமல் காற்றில் ஆடிக்கொண்டே கிடந்தால் போலைன் தளரும். ஆகவே வால் 12 செ.மீ.க்குக் குறையாமல் விட்டு, அதை வளையத்தின் காலைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் ஒரு பார்வை பாருங்கள்.

சேலம்_தென்றல்:
டென்ட் கயிறுக்குப் போடுற நகர்த்தி இறுக்கும் முடிச்சு, டாட்லைன், இதுக்கு ஆகுமா? லாரியில் லோடு இறுக்குற முடிச்சு?

நாடாமுனை:
டாட்லைன் டென்ட்டுக்கும் மேல் தார்ப்பாய்க்கும் அருமை. ஆள் பாரத்தில் வழுக்கும், வேண்டாம். லாரி முடிச்சோட வேலையே கயிற்றை விறைப்பாக்குறது. நாம தவிர்க்கணும்னு சொல்றது அதைத்தான். தார்ப்பாய்க்கு மேல் ஓடுற கயிற்றுக்குப் போடுங்க.

மலைச்சாரல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாலியஸ்டர் பெல்ட்டுத் துணி கிடைச்சுது. வீட்டு வாசலில் பழகலாம்னு இருக்கேன். ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் கேட் தூண். பக்கத்துக்கு ஒரு கொக்கியும் வாங்கினேன், சாவிக்கொத்தில் போடுற மாதிரி.

சாரணர்_ஆசிரியர்:
தூணில் கட்டாதீர்கள் தம்பி. கேட் தூண் பெரும்பாலும் செங்கல் கட்டுமானம். நேர் கீழே வரும் பாரத்தைத்தான் அது தாங்கும். பக்கவாட்டில் 80 கிலோ இழுத்தால் அடியில் பிளந்து, படுத்திருப்பவர் மேலேயே சாயும். ஹேமக் கட்டிய செங்கல் தூண் சாய்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. மாடிக் கைப்பிடிச் சுவரும் வேண்டாம். இரண்டு பக்கமும் உயிருள்ள மரம், குறைந்தது தொடை பருமன். தென்னையென்றால் மேலே காயும் மட்டையும் பாருங்கள்.

நாடாமுனை:
இதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. கொக்கியும் வேண்டாம், பெக்கெட் ஹிட்ச்சுக்கு அது தேவையே இல்லை. போட்டே ஆகணும்னா உடம்பில் கிலோநியூட்டன் அளவு பொறிச்ச மலையேற்றக் கொக்கி வாங்குங்க. 1 கிலோநியூட்டன்னா சுமார் 100 கிலோ இழுவை.

சில்வர் ஓக்கைப் பத்தியும் ஒண்ணு. தண்டு உறுதியானது, கிளை பலமான காற்றில் முறியும். படுக்கிற இடத்துக்கு நேர் மேலே காய்ஞ்ச கிளை இருந்தா வேற மரம் பாருங்க.

மலைச்சாரல்:
தூணை விட்டுட்டேன். மாமா வீட்டுத் தோப்பில் ரெண்டு மாமரத்தில் கட்டிப் படுத்தேன். விரலை நீட்டிக் கோணம் பார்த்து, கண் உயரத்தில். முதலில் தொய்வாத் தெரிஞ்சுது, ஆனா கொஞ்சம் குறுக்கா படுத்தா முதுகு நேரா இருக்கு. மதியம் முழுக்க நாடா நகரவே இல்லை, வாலை இழுத்ததும் பெக்கெட் ஹிட்ச் கழண்டுடுச்சு.

ஒரே சந்தேகம் பாக்கி. அடுத்த தடவை போற தோட்டத்தில் எல்லா சில்வர் ஓக்கிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கு. கொடிக்கு மேல நாடா சுத்தலாமா?

பாம்பன்_வலை:
வேண்டாம்பா. அது அவுங்க வெள்ளாமை.

நாடாமுனை:
சுத்தக் கூடாது. வேரால் பட்டையைப் பிடிச்சு ஏறுற கொடி, நாடா இழுத்தா அந்தப் பிடிப்பு விட்டுடும், தண்டும் நசுங்கும். கொடி ஏறாத மரம் எதுன்னு தோட்டக்காரரையே கேளுங்க. இடைவெளி 5 மீட்டர் வரை இருந்தாலும் பரவாயில்லை. நாடாவை நீட்டிக்கிட்டு, கட்டுற உயரத்தை மட்டும் இன்னொரு ஜாண் ஏத்துங்க.