பிகோஸ் வைக்கப் போய் குளறுபடி செய்த கதை

போலந்தின் கிராகூ நகரில் எனக்கு இது நாலாவது குளிர்காலம். பிகோஸ் வெளியில் எத்தனையோ தடவை சாப்பிட்டாகிவிட்டது, ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கும் தைரியம் போன டிசம்பரில்தான் வந்தது. தெரியாதவர்களுக்காக: புளிக்க வைத்த முட்டைக்கோஸ், பச்சைக் கோஸ், பன்றிக்கறி, மாட்டுக்கறி, புகைபோட்ட சாசேஜ், காய்ந்த காளான் எல்லாம் ஒரே பாத்திரத்தில் மணிக்கணக்காக வேகும் குழம்பு இது. குழம்பு என்றுதான் சொல்கிறேனே தவிர, தண்ணீராக ஓடக் கூடாது, தட்டில் குவியலாக நிற்க வேண்டும்.

முதல் தடவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடுப்பில் ஏற்றினேன். மூன்று மணி நேரம் ஆகியும் பச்சைக் கோஸ் பல்லில் நறுக் நறுக்கென்று கடிபட்டது, கறியோ நார் நாராகப் பிரிந்துவிட்டது. வாசனை பிடித்து மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரம்மா ஒரு வாய் மென்று பார்த்துச் சிரித்துவிட்டு, "பிகோஸ் பண்ணிவிட்டீர்கள்" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். இங்கே பேச்சுவழக்கில் அதற்குக் குளறுபடி பண்ணிவிட்டாய் என்று அர்த்தமாம்!

பச்சைக் கோஸைத் தனியாகக் குழைய வேகவைத்த பிறகுதான் புளித்ததோடு சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டேன். காய் வேகும் முன் புளியை ஊற்றாதே என்று எங்கள் வீட்டில் கேட்காத நாளில்லை. புளிப்பு பட்டால் காய் விறைத்துக்கொள்ளும், கோஸுக்கு மட்டும் விதிவிலக்கா என்ன.

இரண்டாவது தடவை ஸ்தாரி கிளெபாஷ் சந்தையில் பீப்பாயிலிருந்து அள்ளிக் கொடுத்த புளித்த கோஸ் 1 கிலோ, பச்சைக் கோஸ் அரை கிலோ, இரண்டு கறியும் சேர்த்து 700 கிராம், சாசேஜ் 300 கிராம், காய்ந்த காளான் ஒரு பெரிய கைப்பிடி, புகைபோட்ட உலர் பிளம்ஸ் பத்து. காளானை முந்தின ராத்திரியே ஊறப்போட்டேன். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசியே அதில்தான், ஆனால் அடியில் மணல் தங்கியிருக்கும், வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். பிரிஞ்சி இலை, ஜூனிபர் என்ற செடியின் காய்ந்த காய், அப்புறம் பார்க்க மிளகு மாதிரியே இருந்து கிராம்பு வாசம் அடிக்கும் ஆல்ஸ்பைஸ். கோஸிலேயே உப்பு இருக்கிறது, கடைசியில் ருசி பார்த்துப் போட்டால் போதும். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின 24ஆம் தேதி ராத்திரி இங்கே கறி சாப்பிட மாட்டார்கள், 25, 26இல்தான் பிகோஸ் தட்டுக்கு வரும். அதனால் 23ஆம் தேதியே ஆரம்பித்தேன். முதல் நாள் மூன்று மணி நேரம், அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொரு மணி நேரம், எல்லாம் சின்னத் தீயில். முதல் நாள் ருசியில் புளிப்பு தனி, கறி தனியாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் கருஞ்சிவப்பு, பிளம்ஸ் கரைந்து போன இடம் தெரியவில்லை. நம்மூர் சுண்டக்குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னூட்டங்கள்:

வார்சா வாசி: நான் சூப்பர்மார்க்கெட் பாக்கெட் கோஸ் வாங்கி ஏமாந்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் வினிகர் என்று போட்டிருந்தது. எவ்வளவு கொதித்தாலும் ஊறுகாய் வாடைதான், அத்தனை கறியும் வீண். பொருள் பட்டியலில் கோஸும் உப்பும், மிஞ்சினால் கேரட்டும் மட்டும் இருந்தால் வாங்குங்கள்.

குளிர்காலக் காக்கை: ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று ராத்திரி பால்கனியில் வைத்தேன். காலையில் கரண்டி நட்டுக்குத்தலாக உறைந்து நின்றது. பாத்திரத்தோடு தூக்கலாம், அவ்வளவு கெட்டி! உறைந்து உருகினால் இன்னும் ருசி என்று இங்கே சொல்கிறார்கள், அது உண்மைதான் போல.

பதிவிட்டவர்: இன்னொன்று, 1682இல் கிராகூவில் அச்சான சமையல் புத்தகத்தில் பிகோஸ் என்றால் பொடியாக நறுக்கிய கறியோ மீனோ, கூடவே ஏதாவது புளிப்பு, அவ்வளவுதான். கோஸ் கிடையாது. கறி விலைக்குக் கட்டுப்படியாகாதவர்கள் பின்னால் கோஸைச் சேர்த்து அளவைப் பெருக்கியிருக்கிறார்கள்.

வார்சா வாசி: எல்லாம் சரி, மிளகாய் போட்டீர்களா இல்லையா?

பதிவிட்டவர்: காய்ந்த மிளகாய் இரண்டு. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு மிளகு கொஞ்சம் தூக்கல் என்றார்.