"இவங்க அப்படித்தான் இருப்பாங்க"

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன்:

தம்பிக்கு 34 வயது. அறிவுசார் குறைபாடு, பேச்சு நாலைந்து வார்த்தைதான். போன ஐப்பசியில் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சோற்றைத் தள்ளிவிட்டான், ராத்திரியில் தூக்கம் இல்லை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாதிரி ஆளுங்க அப்படித்தான் இருப்பாங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். பத்து நாள் சொக்கிப்போய்க் கிடந்தான். முழித்தால் மறுபடி அறை.

இடது கன்னத்தில் மட்டும்தான் அறைகிறான் என்று கண்டுபிடித்தது அம்மா. செல்போன் டார்ச்சில் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை, ஈறில் சீழ்.

அப்புறம் நாங்கள் பார்க்கப்போன பல் டாக்டரம்மா முதல் நாள் அவன் வாயையே திறக்கச் சொல்லவில்லை. சின்னக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, தன் பல்லை எண்ணிக் காட்டினார். மூன்றாம் தடவை அவனே 'ஆ' காட்டினான். பல்லைப் பிடுங்கிய மறுவாரம் ஆறு இட்லி!

காட்பாடியிலிருந்து ஓர் அம்மா:

எங்க வீட்டிலும் இதே கதைதான் தம்பி. மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே இருக்கும் மரபணு மாறுபாடு), 19 வயது. உடம்பு போட்டது, எந்நேரமும் படுக்கை. "மந்தமாத்தான் இருப்பா" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் பார்த்தால் தைராய்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். இப்போது வருஷம் தவறாமல் டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கிறோம்.

வரிசையில் நின்றால் அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25ஆம் பிரிவில் சிகிச்சையில் முன்னுரிமை என்று இருக்கிறது. யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை நீட்டி அதைச் சொல்கிறேன். சில இடத்தில் உடனே விடுவார்கள், சில இடத்தில் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

குடியாத்தத்திலிருந்து ஓர் அப்பா:

நம் பிள்ளைகள் மாதிரி உள்ளவர்களுக்கான நிரமயா மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? ஒரு லட்சம் வரை, சேரும்போது மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. இன்னொன்று: பிள்ளைக்கு 18 வயது தாண்டிவிட்டால், அவர்களுக்காகக் கையெழுத்துப் போட, பெற்றவர்களே ஆனாலும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்று வாங்கணும், மனு கலெக்டர் தலைமையிலான குழுவுக்குப் போகும். பையனின் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் எனக்கே இது தெரிந்தது.

மறுபடி அந்த அண்ணன்:

நன்றிங்க. தம்பியின் சட்டைப் பையில் இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறோம், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவோம். "கன்னத்தில் அறைந்தால் பல் அல்லது காது வலி. வயிற்று வலி என்றால் குப்புறப் படுப்பான். ஊசியை ஒளிக்காமல் காட்டிவிட்டுப் போடவும்." உங்கள் பிள்ளைகளுக்கு என்ன எழுதுவீர்கள்?