டி.டபிள்யூ.ஏ. நியூயார்க் போஸ்டர்: அசலா? கடலோர வீட்டில் எப்படி மாட்டுவது?

அலையோசை_குளச்சல்:
டி.டபிள்யூ.ஏ.ங்கிற பழைய அமெரிக்க விமான நிறுவனத்துக்காக டேவிட் க்ளைன் 1956-ல் வரைந்த நியூயார்க் போஸ்டர் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. டைம்ஸ் சதுக்கத்து விளக்கெல்லாம் வண்ணக் கட்டங்களா சிதறி நிக்கும், மேலே கான்ஸ்டலேஷன்ங்கிற விசிறி விமானம். சுருட்டி வச்சது, ஓரத்துல பழைய செல்லோடேப். அசல்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்க? ஃப்ரேம் போட்டா பூஞ்சை பிடிக்காம இருக்க என்ன செய்யணும், அண்ணாச்சிமாரே?

பழையதாள்:
முதல்ல அளந்து பாருங்க. அசல் சுமார் 25×40 அங்குலம். 24×36 இருந்தா பெரும்பாலும் பிற்கால மறுபதிப்பு. ஓரம் வெட்டியிருக்கான்னும் கவனிங்க.

அப்புறம் 10 மடங்கு பெரிசாக் காட்டுற லூப்பை (கைலென்ஸை) எழுத்தோட விளிம்புல வைங்க. இதுதான் நம்பகமான இடம். அசல்ல எழுத்து ஒரே மையில கெட்டியா, விளிம்பு சுத்தமா இருக்கும். போட்டோ எடுத்து அச்சிட்டதுல அந்த விளிம்பே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளா உடையும். இன்க்ஜெட்னா ஒழுங்கில்லாம தூவின மாதிரி இருக்கும்.

புற ஊதா டார்ச் அடிச்சு தாள் நீலவெள்ளையா ஒளிர்ந்தா சந்தேகப்படலாம். ஆனா அப்படி ஒளிர வைக்கிற வெளுப்பேற்றி ரசாயனம் கலந்த தாள் 1950-களிலேயே வந்தாச்சு, அதை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. படத்துல ‘ஜெட்’னு எழுதியிருந்தா 1956 கிடையாது, டி.டபிள்யூ.ஏ.-வுக்கு ஜெட் விமானமான போயிங் 707 ஓடத் தொடங்கினதே 1959-லதான்.

நாஞ்சில்_சட்டகம்:
டேப்பைப் பிய்க்காதீங்க, தின்னரும் தொடாதீங்க. பசை கரைஞ்சு தாளுக்குள்ள இறங்கிரும். அதைத் தாள் பாதுகாப்பு தெரிஞ்சவங்க கையில விடுங்க. லேமினேஷன் பேச்சே வேண்டாம்.

பின்பலகைக்கு பிளைவுட், ஹார்ட்போர்டு ஆகாது, அமிலம் ஏறித் தாள் பழுக்கும். அமிலமில்லாத அட்டை போடுங்க. மேல்விளிம்புல மட்டும் ரெண்டு இடத்துல, ஜப்பான் தாள் துண்டை கோதுமை ஸ்டார்ச் பசையால ஒட்டித் தொங்கவிடணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமும் பெய்யும். ஈரத்துல தாள் விரியும். நாலு பக்கமும் ஒட்டினா போக இடமில்லாம நடுவுல அலை அலையா எழும்பும், அது சரியாகவே ஆகாது. ஃபெவிக்கால் வேண்டவே வேண்டாம்.

முன்னால கண்ணாடிக்குப் பதிலா புற ஊதா தடுக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு, தாளுக்கும் அதுக்கும் 5 மி.மீ. இடைவெளி. ஒட்டிக்கிட்டு இருந்தா ஈரம் கோத்து மை அக்ரிலிக்ல பிடிச்சுக்கிடும், பூஞ்சையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அலையோசை_குளச்சல்:
சாதாரணக் கண்ணாடி போதாதா?

நாஞ்சில்_சட்டகம்:
இந்த அளவுக்குக் கனம் கூடும், உடைஞ்சா தாளையும் கிழிக்கும். அக்ரிலிக்கை அமோனியா ஸ்ப்ரேயால துடைக்காதீங்க, மங்கிரும். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர்ல மாட்டாம உள்சுவர்ல மாட்டுங்க. கீழ்மூலை ரெண்டுலயும் 1 செ.மீ. ரப்பர் குமிழ் வச்சா பின்னால காத்து ஓடும். தாள் அரிக்கிற ராமபாணப் பூச்சி இருக்கான்னு மழை முடிஞ்சதும் ஒருக்க இறக்கிப் பாத்துக்கிடுங்க.