பண்டகசாலை மென்பொருளுக்குத் தகவல் திரட்டுவது குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையின் இருப்புக் கணக்கைக் கணினிக்கு மாற்றும் திட்டத்தில், தேவைகளைக் கண்டறியும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. செயலாளரிடமும் விற்பனையாளர்களிடமும் நேர்காணல் முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் சொன்ன நடைமுறையும் இருப்புப் பதிவேடு காட்டும் நடைமுறையும் ஒத்துப்போகவில்லை. பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டு, சம்பளத் தேதிக்குப் பின் அழிக்கப்படும் கடன் குறிப்புகளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வினாத்தாள் கொடுத்தாலும் விதிப்புத்தகத்தில் உள்ளதையே எழுதித் தருவார்கள் என்பது என் கணிப்பு.

எனவே, கடையில் உட்கார்ந்து நேரில் கவனிப்பதே சரியென்று நினைக்கிறேன். எனினும், சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924இல் தொடங்கிய ஆய்வுகளையொட்டிச் சொல்லப்படுவதுபோல, தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே ஊழியர்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடும். (மாதத் தொடக்கத்தில் வாடிக்கையாளர் நெரிசலில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடவே இடமிருக்காது என்பது வேறு விஷயம்.)

இத்தகைய எழுதப்படாத நடைமுறைகளை, யாரையும் குற்றவாளியாக்காமல் வெளிக்கொணர நீங்கள் எந்த முறையைக் கையாண்டீர்கள்? பழைய பதிவேடுகளில் எந்த மாதங்களை மாதிரியாக எடுப்பது என்பதையும், மென்பொருளின் கணினித் திரை எப்படி இருக்கும் என்று காகிதத்தில் வரைந்த மாதிரிகளை முதலிலேயே விற்பனையாளர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது பயன்தருமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.