முகலட்சணமா பூர்வீகமா: இடைக்கால இங்கிலாந்து வெள்ளிப் பென்னிகள்

ஏலங்களில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைமை இது. பின்பக்கத்தில் குட்டைச் சிலுவை உள்ள ஷார்ட் கிராஸ் வகைப் பென்னி இரண்டு, கேட்கும் விலை கிட்டத்தட்ட ஒன்று. முதலாவது வெள்ளை வெளேரென்று இருக்கிறது, மன்னர் முகம் நன்றாக விழுந்திருக்கிறது, எங்கிருந்து, யார் கைமாறி வந்தது என்ற பூர்வீகம் ஒரு வரிகூடக் கிடையாது. இரண்டாவது சாம்பல் பூத்தது, தாடிப் பக்கம் அச்சு சரியாகப் பதியவில்லை. ஆனால் கூடவே காசின் விவரம் எழுதிய ஒரு பழைய வட்டக் காகித டிக்கெட்டும், 1950-களில் ஏலம் போன லாக்கெட் என்பவரின் சேகரிப்பில் அதற்கிருந்த லாட் (ஏலப் பட்டியல்) எண்ணும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள். நான் இரண்டாவதை எடுக்கச் சொல்வேன், டிக்கெட் சரிதானா என்று பார்த்த பிறகு.

முதலில் இந்த வகையில் அழகு என்பது எது? ஷார்ட் கிராஸ் பென்னி 1180 முதல் 1247 வரை அடிக்கப்பட்டது. ரிச்சர்ட் ஆண்டபோதும் ஜான் ஆண்டபோதும் காசில் 'ஹென்ரிகஸ் ரெக்ஸ்' (ஹென்றி மன்னர்) என்றேதான் இருக்கும். முகம் யாருடைய சாயலும் இல்லை. நாலு கோடு, சில புள்ளி, இரண்டு பக்கமும் சுருள்முடி. எந்த மன்னர் காலத்தது என்பதைச் சுருள்களின் எண்ணிக்கையும் எழுத்துகளின் வடிவமும்தான் சொல்லும். பின்பக்கத்தில் காசடித்தவர் பெயரும் அக்கசாலை, அதாவது காசடித்த இடம், இருந்த ஊரும் வரும். லண்டன், கேன்டர்பரி என்றால் தாராளமாகக் கிடைப்பவை. ரட்லன் என்றோ லிச்ஃபீல்ட் என்றோ படிக்க முடிந்தால் முகம் மழுங்கியிருந்தாலும் விடக்கூடாது. ஆகவே காசைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்தைத் திருப்பி, சிலுவைக்கு வெளியே விளிம்பைச் சுற்றி உள்ள எழுத்துகளை ஒரு முழுச் சுற்று படியுங்கள். படிக்க வராத காசு முகம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாதிக் காசுதான்.

அந்த வெள்ளை நிறத்தைப் பற்றி. எண்ணூறு வருட வெள்ளி தானாக அப்படி இருக்காது. தயோயூரியா கலந்த டிப் கரைசலில் முக்கினால் மேல் கருமை நொடிகளில் போய்விடும். போன பிறகு மேற்பரப்பில் மினுக்கம் இருக்காது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் எழுத்துகளின் மூலையைப் பாருங்கள். தானாகப் படிந்த கருமை மூலைகளில் அடர்ந்து, மேடுகளில் மெலிந்து இருக்கும். மூலையும் மேடும் ஒரே வெள்ளையாக இருந்தால் அது கழுவிய காசு. ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடினால் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

* * *

மேலே சொன்ன டிக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ அப்படித்தான் காசுக்கு டிக்கெட். பத்திரம் இருக்கிறது என்பது போதாது, அதிலுள்ள நிலம் இதுதானா என்று அளந்து பார்க்க வேண்டும். டிக்கெட் காசோடு ஒட்டிப் பிறந்ததல்ல. வியாபாரியின் தட்டில் பத்துக் காசும் பத்து டிக்கெட்டும் ஒரு தடவை கலைந்தால் போதும்.

முதல் சோதனை எடை. பழைய டிக்கெட்டுகளிலும் பட்டியல்களிலும் எடை கிரெயினில் இருக்கும். ஒரு கிரெயின் 0.0648 கிராம். டிக்கெட்டில் 21.8 என்று இருந்தால் காசு 1.41 கிராம் காட்ட வேண்டும். தராசு 1.36 காட்டினால், விளிம்பில் புதுச் சில்லு உடைந்திருக்கிறதா, கடுமையாகச் சுத்தம் செய்திருக்கிறதா என்று தேடுங்கள். 1.46 காட்டினால் தேடவே வேண்டாம், அது வேறு காசு. எடை குறைய வழி உண்டு, கூட வழியில்லை.

இரண்டாவது, படத்தோடு ஒப்பிடுதல். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பழைய ஏலப் பட்டியல்களின் படங்கள் பெரும்பாலும் காசை நேரே எடுத்தவை அல்ல, பிளாஸ்டர் அச்சு எடுத்து அதைப் படம் பிடித்தவை. நிறம், கருமை, மினுக்கம் எதுவும் அதில் தெரியாது. நிறம் பொருந்தவில்லை என்று சரியான காசை ஒதுக்கியவர்களும் உண்டு, எழுத்து பொருந்துகிறது என்று தவறான காசை ஏற்றவர்களும் உண்டு. ஒரே அச்சில் அடித்த காசுகள் எல்லாவற்றிலும் எழுத்து பொருந்தத்தான் செய்யும்! ஒப்பிட வேண்டியது விளிம்பின் வெட்டு வடிவத்தை. அச்சடிக்கும் முன் கையால் வெட்டிய வெள்ளி வில்லை என்பதால் இரண்டு காசுக்கு ஒரே விளிம்பு வராது. அடுத்தது அச்சு மையத்திலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பது. பிறகு அடிக்கும்போதே பதியாமல் போன இடங்கள். கீறலைக் கடைசியில் பாருங்கள். படத்தில் இருந்த கீறல் காசில் இல்லையென்றால் சந்தேகம். காசில் இருப்பது படத்தில் இல்லையென்றால் பிறகு வந்ததாக இருக்கலாம்.

லாக்கெட், கார்லியன்-பிரிட்டன், மான்டேகு போன்ற பெரிய சேகரிப்புகளில் எல்லாக் காசுக்கும் படம் போடவில்லை. ஒரு லாட்டில் நாலைந்து காசு சேர்த்து விற்றதும் உண்டு. அப்படிப்பட்ட லாட் எண் மட்டும் இருந்தால் 'இருக்கலாம்' என்ற அளவில் வையுங்கள், அதற்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள்.

* * *

அழகைப் பற்றிப் பேசும்போது, குறை போலத் தெரிந்து குறையே இல்லாதவற்றையும் இங்கே பதிந்து வைப்போம். இவற்றால் நல்ல காசுகள் கைவிட்டுப் போகின்றன.

முதலாம் ஹென்றியின் பென்னிகள் பலவற்றில் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். உள்ளே நல்ல வெள்ளிதான் என்று காட்ட அக்கசாலையிலேயே போட்ட வெட்டு அது. பார்ப்பவர் யாரோ கத்தியால் சோதித்த சேதம் என்று நினைத்துவிடுகிறார். வெட்டின் உள்முகத்திலும் காசின் மேற்பரப்பிலும் ஒரே பழமை படிந்திருந்தால் பழைய வெட்டு. உள்முகம் பளிச்சென்றிருந்தால் புதுக்காயம்.

ஸ்டீபன் மன்னர் காலத்து உள்நாட்டுப் போரில் சில ஊர்களில் மன்னரின் அச்சையே சிதைத்துவிட்டு அதே அச்சில் காசடித்தார்கள். நாட்டிங்காம், நாரிச் காசுகளில் மன்னர் உருவத்தின் மேல் சிலுவைக் கோடு ஓடும். மேலோட்டமாகப் பார்த்தால் கிழித்துப் பாழாக்கிய காசு. லென்ஸ் வைத்து விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அச்சில் தோண்டிய கோடு காசில் மேடாக எழும். காசின் மேலேயே கிழித்திருந்தால் அது பள்ளமாக விழும். மேடா பள்ளமா என்ற அந்த ஒரு வித்தியாசத்தில் விலை எங்கோ போய்விடுகிறது.

ஈதல்ரெட் மன்னரின் பென்னிகளில் கத்திமுனையால் குத்திய சிறு குத்துகளும் லேசான வளைவும் சகஜம். அவருடைய காசு இங்கிலாந்தைவிட ஸ்காண்டிநேவியாவில்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. அங்கே வெள்ளியைக் குத்தியும் வளைத்தும் சோதித்து வாங்கினார்கள். டிக்கெட் இல்லாத காசுக்குக்கூட அந்தக் குத்துகள் ஒரு பூர்வீகம். குத்து இல்லாத, வழவழப்பான ஒன்றை மட்டுமே தேடுகிறவர் அந்தக் கதையை விட்டுவிட்டு வெறும் முகத்தை வாங்குகிறார்.

நடுவில் மடிந்து நிமிர்ந்த தடம் உள்ள பென்னியும் அப்படித்தான். புனிதர் ஒருவருக்கு நேர்ந்துகொண்டு காசை வளைத்து வைக்கும் வழக்கம் இடைக்கால இங்கிலாந்தில் இருந்தது. வளைந்த காசு வந்தால் தயவுசெய்து நிமிர்த்தாதீர்கள். மண்ணில் நெடுநாள் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அழுத்தியவுடன் பிஸ்கட் மாதிரி இரண்டாகிவிடும். பிறகு பசை போட்டு ஒட்டி விற்பார்கள். ஒட்டைக் கண்டுபிடிக்க, காசின் பின்னால் சிறு டார்ச் பிடியுங்கள். நிரப்பாத விரிசலில் ஒளி கசியும், பசை நிரப்பிய இடம் புறஊதா விளக்கில் பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும்.

டீல்பி வகைக்கு, அதாவது இரண்டாம் ஹென்றியின் 1158 முதல் 1180 வரையிலான காசுகளுக்கு, அழகு என்ற பேச்சே வேண்டாம். வில்லை சதுரமாக இருக்கும், எழுத்தில் பாதி விழுந்திருக்காது. வெள்ளியும் எடையும் மட்டும் சரியாக இருக்கும். பெயருக்குக் காரணமான புதையல் லிங்கன்ஷயரில் 1807-இல் கிடைத்தது. 5,000-க்கும் மேற்பட்ட காசுகளில் பெரும்பங்கை உருக்கிவிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இந்த வகையில் பழைய சேகரிப்பிலிருந்து வந்த காசுக்கு உண்மையான பயன் உண்டு. அதே அச்சில் அடித்த இன்னொரு காசோடு ஒப்பிட்டு, விழாத எழுத்தை முன்னால் வைத்திருந்தவர் டிக்கெட்டில் நிரப்பி வைத்திருப்பார்.

* * *

பூர்வீகத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அது சட்டம். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது வெள்ளியோ தங்கமோ உள்ள காசுகள் இரண்டு அல்லது அதற்கு மேல் ஒரே இடத்தில் கிடைத்தால் அது புதையல். 14 நாட்களுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாக இதில் வராது. ஸ்காட்லாந்து மண் என்றால் ஒற்றைக் காசையும் அறிவிக்க வேண்டும்.

லெம்ஸ்டர் அருகே 2015-இல் கிடைத்த வைக்கிங் காலப் புதையலை அறிவிக்காமல் பிரித்து விற்றவர்கள் 2019-இல் சிறைக்குப் போனார்கள். அதில் ஆல்ஃப்ரெட், இரண்டாம் கியோல்வுல்ஃப் மன்னர்களின் அபூர்வப் பென்னிகள் இருந்தன. அதே மன்னர்களின் 44 காசுகளை விற்க முயன்ற இருவர்மீது 2023-இல் டர்ஹமில் குற்றம் நிரூபணமானது. அந்தக் காசுகள் பார்க்க அற்புதமானவை. வாங்கியிருந்தால் காசும் போய் பணமும் போயிருக்கும். அபூர்வமான மன்னர், புதிதாய் மண்ணிலிருந்து வந்த மேற்பரப்பு, 'பழைய குடும்பச் சேகரிப்பு' என்ற ஒற்றை வரி: இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

முறையாக அறிவித்த புதையலை அருங்காட்சியகம் எதுவும் வேண்டாமென்றால் காசுகள் கண்டெடுத்தவரிடம் திரும்பி வரும், சட்டப்படி விற்பனைக்கும் வரும். அவற்றுக்குப் புதையல் எண் உண்டு: ஆண்டு, பிறகு 'டி' (T), பிறகு வரிசை எண். அந்த எண்ணைக் கேளுங்கள். ஒற்றையாகக் கிடைத்து, பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதியும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டிஸ் ஸ்கீமில் பதிந்த காசென்றால் பதிவு எண்ணைக் கேட்டு, அங்குள்ள படத்தையும் எடையையும் நீங்களே ஒத்துப் பாருங்கள். 1180-க்கு முந்தையதென்றால் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் ஒற்றைக் கண்டெடுப்புப் பதிவிலும் தேடலாம். வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்கு ஒன்று: பிரிட்டிஷ் மண்ணில் கிடைத்த பொருளை வெளியே அனுப்ப, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஏற்றுமதி உரிமம் வேண்டும். 'பார்சலில் போட்டுவிடுகிறேன்' என்று சொல்லும் விற்பனையாளரிடம் வேண்டாம்.

* * *

தொடக்கத்தில் சொன்னதிலிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாக் காசுக்கும் பூர்வீகத்துக்காகப் பணம் கொட்ட வேண்டியதில்லை. முதலாம் எட்வர்டின் பத்தாம் வகை, லண்டன் பென்னி. குவியலாக இருக்கிறது. அதில் முழு வட்டம், முழு எழுத்து, நல்ல கருமை உள்ளதை எடுங்கள். டிக்கெட் இருந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். முதலாம் வில்லியமின் 'பாக்ஸ்' வகையும் கிட்டத்தட்ட அப்படியே. 1833-இல் போவொர்த்தில் கிடைத்த புதையலில் 6,000-க்கும் மேற்பட்டவை இருந்ததால் நல்ல நிலையில் நிறைய உண்டு. அங்கே ஊர் பெயர்தான் விலை. ஷார்ட் கிராஸுக்கு அடுத்து வந்த, சிலுவை விளிம்பு வரை நீளும் லாங் கிராஸ் வகைக்கு 'ப்ரஸ்ஸல்ஸ் புதையல்' என்று எழுதிக் கூடுதலாகக் கேட்பார்கள். 1908-இல் கிடைத்த அதில் சுமார் 1,50,000 காசு. பாதுகாப்பாக இருந்த வெள்ளி என்பது நல்லதுதான், ஆனால் அந்தப் பெயரே ஒரு மேன்மை ஆகாது.

எட்வர்ட் காசில் கவனிக்க வேண்டியது வேறு. கிரீடத்துக்குப் பதில் ரோஜா மாலை சூடிய தலை இருந்தால் அது ஐரோப்பாக் கண்டத்தில் அடித்த போலிவகை, குரோக்கார்ட் என்பார்கள். கிரீடமோ பின்பக்க ஊரோ பொருந்தவில்லையென்றால் ஆங்கிலக் காசு என்ற விலை கொடுக்காதீர்கள். எடையையும் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். 1279-இல் ஏறத்தாழ 1.44 கிராம், 1351-இல் 1.17, 1412-இல் 0.97, 1464-இல் 0.78. 1.15 கிராம் என்பது முதலாம் எட்வர்டுக்கு விளிம்பு வெட்டிய காசு, மூன்றாம் எட்வர்டின் பிற்காலத்துக்கு முழுக் காசு.

பூர்வீகம் இல்லாத காசுக்கு அடர்த்திச் சோதனையாவது செய்யுங்கள். 0.01 கிராம் தராசு இதற்கு உதவாது. 1.400 கிராம் காசு இடம்பெயர்க்கும் நீர் 0.135 கிராம்தான். அந்தத் தராசு 0.13 அல்லது 0.14 காட்டும், அடர்த்தி 10.8 அல்லது 10.0 என்று வரும். ஈயம், தகரம் கலந்த போலியை மட்டும் அது பிடிக்கும். 0.001 கிராம் தராசு வேண்டும். குவளை நீரில் ஒரு துளி பாத்திர சோப்பு விட்டு, தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க மூழ்க விடுங்கள். காற்றில் உள்ள எடையை அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் ஸ்டெர்லிங் (92.5 சதவீத) வெள்ளிக்கு 10.3 பக்கம் வரும். ஒட்டிய குமிழியோ உள்விரிசலோ இருந்தால் குறைத்துக் காட்டும், அதனால் மூன்று தடவை செய்யுங்கள். விரிசல் கண்ட காசுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், நூல் இழுப்பில் உடையும்.

* * *

ஆகவே பொதுவான காசுக்கு முகம், அபூர்வமானதற்குப் பூர்வீகம். ஆனால் பொதுவான காசையும் வாங்கிய அன்றே பதிந்துவிடுங்கள்: இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும் படம், இரண்டு தசமத்தில் எடை, விட்டம், யாரிடம், எந்த லாட், எந்தத் தேதி. டிக்கெட்டைக் காசோடு ஒரே பையில் உரச விடாமல் தனிப் பையில் வைத்து இரண்டுக்கும் ஒரே எண் போடுங்கள். மென்மையான பிவிசி (பிளாஸ்டிக்) உறை வேண்டாம், சில வருடத்தில் பச்சைப் பிசுக்கு இறங்கும்.

எடை ஒத்துவராத டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒத்துவராத காரணத்தைப் பென்சிலில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதனுடன் தனியே வையுங்கள். அதற்குரிய காசு வேறொரு தட்டில் டிக்கெட் இல்லாமல் கிடக்கிறது.