ஈர்ப்புக் கணக்கும் சக்திக் காப்பும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உவர்மலை, பௌதிகவியல் ஆசிரியர்

உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் தொடங்கும்போது கரும்பலகையில் முதலில் சுவாமி மலையைத்தான் கீறுவேன். கோணேசர் கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காத பிள்ளை திருகோணமலையில் இருக்காது. கணக்குக்காக உயரம் 100 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து மூன்று கற்களைச் செக்கனுக்கு 15 மீற்றர் என்ற ஒரே கதியில் எறிகிறோம். ஒன்று நேரே மேலே, ஒன்று கிடையாக, ஒன்று நேரே கீழே. கடலைத் தொடும்போது எதற்குக் கதி கூட?

கீழே எறிந்ததற்குத்தான் என்று வகுப்பே ஒரு குரலில் சொல்லும். பிறகு இயக்கச் சமன்பாடுகளை எடுத்து, கிடை வேறு நிலைக்குத்து வேறாகப் பிரித்து, மூன்று கணக்காகச் செய்வார்கள். இயக்கசக்தியும் உயரத்தால் வரும் அழுத்தசக்தியும் சேர்ந்த மொத்தம் மாறாது என்ற சக்திக் காப்பால் செய்தால் ஒரே வரிதான். 15 இன் வர்க்கம் 225, அதோடு 2 தர ஈர்ப்பு ஆர்முடுகல் 10 தர உயரம் 100 ஐக் கூட்டினால் இறுதிக் கதியின் வர்க்கம் 2225. வர்க்கமூலம் ஏறத்தாழ 47. காற்றுத் தடையை விட்டுவிட்டால் மூன்று கல்லுக்கும் செக்கனுக்கு 47 மீற்றர்தான். திசையோ பாதையோ நேரமோ அந்த வரிக்குள் வருவதே இல்லை. அதைக் கண்டதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் இத்தனை வருடமாக இதே படத்தைக் கீறுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது கணக்கு மனதில் நின்றிருக்கும், எழுதுங்கள்.

மூதூர், பொறியியல் பீட மாணவி

சேர், எனக்கு மறக்காத கணக்கு ரியூசனில் வந்தது. புவி மேற்பரப்பிலிருந்து செக்கனுக்கு 8 கிலோமீற்றர் கதியில் நிலைக்குத்தாக ஏவிய பொருள் எவ்வளவு உயரம் போகும்? புவியின் ஆரை 6400 கிலோமீற்றர், ஈர்ப்பு ஆர்முடுகல் 10, காற்று இல்லை.

பக்கத்தில் இருந்த தோழி கையை உயர்த்தி 3200 கிலோமீற்றர் என்றாள். அழுத்தசக்திக்கு எம்.ஜி.எச். (திணிவு தர ஈர்ப்பு ஆர்முடுகல் தர உயரம்) போட்டு இரண்டு வரியில் முடித்திருந்தாள், பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரி. ரியூசன் சேர் பிழை என்று சொல்லவில்லை. “சரி பிள்ளை, நீர் சொன்ன அந்த 3200 இல் ஈர்ப்பு ஆர்முடுகல் எவ்வளவு?” என்று கேட்டார். அங்கே புவி மையத்திலிருந்து தூரம் ஒன்றரை மடங்கு. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்பதால் 10 ஐ 2.25 ஆல் வகுத்தால் 4.4 தான் வரும். முழு வழியும் 10 என்று எடுத்த கணக்கு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

அப்புறம் அவர் ஒரு கிலோகிராமுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். முடிவிலியில் அழுத்தசக்தி பூச்சியம் என்று எடுத்தால், புவி மேற்பரப்பில் அது மறை (பூச்சியத்துக்குக் கீழே) 6.4 கோடி யூல். கடன் மாதிரி நினையுங்கள் என்றார். ஏவும்போது கொடுத்த இயக்கசக்தி 3.2 கோடி. ஆக மொத்தம் மறை 3.2 கோடி, அது வழி முழுவதும் மாறாது. உச்சியில் பொருள் நிற்கிறது, அந்த மறை 3.2 கோடி முழுவதும் அழுத்தசக்திதான். மேற்பரப்பில் இருந்ததன் பாதி. அழுத்தசக்தி தூரத்துக்கு நேர்மாறு விகிதம் என்பதால் மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்காக வேண்டும். அப்படியென்றால் உயரம் 6400 கிலோமீற்றர், தோழி சொன்னதன் இரு மடங்கு.

அதோடு புவியின் ஈர்ப்பை விட்டுத் திரும்பாமல் போகத் தேவையான தப்பல் வேகமும் தானாக வந்தது. 6.4 கோடிக் கடனையும் அடைக்க எவ்வளவு கதி வேண்டும் என்று பார்த்தால் செக்கனுக்கு 11.3 கிலோமீற்றர். புத்தகத்தில் 11.2 என்று இருக்கும், ஆர்முடுகலை 9.8 என்று எடுத்தால் அதுவே வரும். அதுவரை மனப்பாடமாக வைத்திருந்த எண் அன்றைக்குத்தான் எனக்குச் சொந்தமானது.

கிண்ணியா

தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது வந்தது இது. ஓய்விலிருந்து விடப்பட்ட இரண்டு சம திணிவுகள் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்குகின்றன, இடைத்தூரம் பாதியானதும் கதி என்ன? அவன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அழுத்தசக்தி எழுதி இரண்டு முறை கூட்டிவிட்டான். அழுத்தசக்தி அந்தச் சோடிக்கு உரியது, ஒரு முறைதான் எழுத வேண்டும். குறைந்த அழுத்தசக்தியை இரண்டும் இயக்கசக்தியாகப் பங்குபோடும். திணிவு சமமில்லாவிட்டால் உந்தக் காப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பாரம் குறைந்ததற்கே பெரிய பங்கு போகும். சேர் சொன்ன கல்லோடு புவியும் கொஞ்சம் மேலே வருகிறதுதான், ஆனால் அதன் பங்கு கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது.

நிலாவெளி

எங்கள் கடற்கரையில் சில நாள் பொழுது பட்ட பிறகு சர்வதேச விண்வெளி நிலையம் பளிச்சென்று கடந்து போவது தெரியும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரம், செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் போல. அந்த உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது, அது இழுத்துப் பிடிப்பதால் நிலையம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், அவ்வப்போது உந்தி உயர்த்துவார்கள். மகள் கேட்டாள்: “அப்பா, காற்று தடுத்தால் அது மெதுவாகுமா?”

இல்லை, வேகமாகும். இதை நான் ஆசையோடு விளக்கினேன். வட்ட ஒழுக்கில், அதாவது வட்டமான சுற்றுப்பாதையில், அழுத்தசக்தியின் பாதிதான் மொத்தச் சக்தி, இரண்டுமே மறை. காற்று 1 பங்கு சக்தியை எடுத்தால் அழுத்தசக்தி 2 பங்கு குறையும், மீதி 1 பங்கு இயக்கசக்தியாகக் கூடும். விசையை மட்டும் வைத்து யோசித்தால் நம்புவது கஷ்டம். சக்திக் கணக்கை எழுதிக் காட்டியதும் மகள் பென்சிலை வாங்கித் தானே ஒருமுறை செய்து பார்த்தாள்.

உவர்மலை, பௌதிகவியல் ஆசிரியர்

மூதூர்த் தங்கச்சி எழுதியதை நாளைக்கே வகுப்பில் கொடுக்கப் போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். அந்தப் பொருள் உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் என்று கேட்டால் சக்திச் சமன்பாடு நேரடியாகப் பதில் தராது. ஒவ்வொரு தூரத்திலும் கதி என்ன என்பதுவரைதான் தரும். அதை எடுத்துத் தொகையிட வேண்டும். ஆர்முடுகல் மாறாது என்றால் 800 செக்கன், 13 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. உண்மையான ஈர்ப்போடு தொகையிட்டால் ஏறத்தாழ 2060 செக்கன், அதாவது 34 நிமிடம் வருகிறது. இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் செய்து பாருங்கள், பிரதியீடு ஒன்று தேவைப்படும்.